மரியசெல்லத்தோட இடது கால்

சந்தியாகு சார் ஒரே ஒரு தடவை செருமினார், அவ்வளவுதான், சாமியார் மரியசெல்லத்தோட இடது காலைக் கழுவாமலே எழுந்துட்டார், எங்க ஊர்ல எல்லாம் தப்பாப் போனது கரெக்டா அந்த நொடியிலதான், நான் பாத்தேன், நாலடி தள்ளி கீபோர்டு முன்னாடி உக்காந்திருந்தேன், சத்தியமாப் பாத்தேன்.

இருங்க, அவசரப்படுறேன். பெரிய வியாழன்ல இருந்து வரேன்.

எங்க ஊரு மணல்கரைப்பட்டி, அடைக்கல மாதா கோயிலு. பெரிய வியாழன் பூசைல, ஆண்டவர் சீடர்களோட காலைக் கழுவின மாதிரி, சாமியார் பன்னெண்டு பேரோட காலைக் கழுவுவாரு. மத்த ஊர்ல ஒரு காலோட விட்ருவாங்களாம், எங்க ஊர்ல ரெண்டு காலும், முதல்ல வலது, பிறகு இடது, செம்புல இருந்து தண்ணி ஊத்தி, தோள்ல கிடக்குற துண்டால துடைச்சு, குனிஞ்சு ஒரு முத்தம். அந்தப் பன்னெண்டு பேரு யாருன்னு கோயில் கமிட்டி முடிவு பண்ணும், கமிட்டின்னா அதோட தலைவர் சந்தியாகு சாரு, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரு, பத்தொம்பது வருஷமா முதல் நாற்காலி அவருக்குத்தான். இதுல பெரிய கூத்து என்னன்னா, கழுவப் போற காலைக் கழுவிட்டுத்தான் எல்லாரும் வருவாங்க! அதுவும் சும்மா இல்ல, ரெண்டு நாளுக்கு முன்னாடியே வேலை ஆரம்பிச்சிரும், நகம் வெட்டி, குதிகாலைக் கல்லுல தேய்ச்சு, சோப்பு போட்டு, பவுடரு அடிச்சு, அழுக்குக் காலோட போயி சாமியார் முன்னாடி உக்காந்தா அது குடும்பத்துக்கே கேவலம்.

அந்த வருஷம் பன்னெண்டாவது ஆளு குதிகாலைத் தேய்க்கப் போயி பாத்ரூம்ல வழுக்கி விழுந்து காலை ஒடச்சுக்கிட்டாரு. சிரிக்காதீங்க. ஒரு நாற்காலி காலியா நின்னுச்சு. சாமியாரு ஊருக்குப் புதுசு, எங்க வழக்கம் தெரியாது, பாவம், மைக்ல "ஒரு நாற்காலி இருக்கு, யாராச்சும் வாங்க"ன்னுட்டார். நானூறு பேரு இருந்த கோயில்ல நானூறு பேரும் குனிஞ்சு அவங்கவங்க காலைப் பாத்தாங்க. ஒருத்தரும் கழுவிட்டு வரல. ஒருத்தரும் எந்திரிக்கல.

கடைசித் தூண் பக்கத்துல இருந்து மரியசெல்லம் எந்திரிச்சு வந்தா.

வந்தாங்கன்னு எழுதணும், அம்பத்தி மூணு வயசு, என் அம்மாவ விட மூத்தவங்க, ஆனா எங்க ஊர்ல பால் குடிக்கிற பிள்ளைகூட அவங்களை "ஏ செல்லம்"னுதான் கூப்பிடும், ஏன்னா ஊரு சாக்கடை அள்றது அவங்க, யாரு வீட்டுல கக்கூஸ் அடைச்சாலும் பின்வாசல் வழியா வந்து சரி பண்றது அவங்க. இனி வந்தாங்கன்னே எழுதுறேன். வந்தாங்க. மத்தியானம் கோயில் தரையைக் கழுவிவிட்ட சேறு காஞ்ச காலோட நடந்து வந்து, பன்னெண்டாவது நாற்காலில, முதுகு நிமிந்து, உக்காந்தாங்க.

சாமியாரு வலது காலை எடுத்தாரு. பதினோரு பேருக்குக் கழுவியும் பளிங்கா இருந்த தண்ணி அப்பதான் கறுப்பா மாறுச்சு, அவரும் பிள்ளைக்குக் கழுவுற மாதிரி விரல் இடுக்கெல்லாம் நிதானமாக் கழுவினாரு, துண்டால ஒரு இழுப்பு இழுத்தாரு, முத்தம் குடுத்தாரு, இடது காலுக்குக் கையை நீட்டினாரு.

அப்பதான் அந்தச் செருமல்.

சாமியாரோட கை அப்படியே நின்னுச்சு. சந்தியாகு சாரைப் பாத்தாரு. எந்திரிச்சாரு. பீடத்துக்குப் போனாரு.

"சாமி, இன்னொரு காலு?"ன்னு மரியசெல்லம் கேட்டாங்க, மெதுவா இல்ல, கோயில் கடைசி வரைக்கும் கேக்குற மாதிரி. சந்தியாகு சாரு என் பக்கம் திரும்பி ரெண்டு விரலைச் சுண்டினாரு, பாட்டை ஆரம்பின்னு. நான் ஆரம்பிச்சேன். இதை மறைச்சு எழுதலாம், எழுத மாட்டேன், நான்தான் கட்டையை அமுக்கினேன், அந்தக் கேள்வி மேல பாட்டு விழுந்துச்சு. மரியசெல்லம் ஒரு கால் ஈரமா ஒரு கால் சேறா அந்த நாற்காலிலயே பூசை முடியுற வரைக்கும் உக்காந்திருந்தாங்க.

மறுநாள் பெரிய வெள்ளிக்கிழமை. பதினோரு பேருக்கும் கால் காயல.

துடைச்சாங்க, காயல, வெயில்ல நீட்டிக்கிட்டுப் படுத்தாங்க, காயல, முடி உலத்துற மிஷினைப் பிடிச்சாங்க, மாவு தூவினாங்க, மாவு களியாச்சு, டவுனுக்குப் போயி தோல் டாக்டரைப் பாத்தாங்க, அவரு உத்து உத்துப் பாத்துட்டு "இது தண்ணி"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. நடந்த இடமெல்லாம் சளப் சளப்னு ஈரத் தடம். சாமியாருக்குக் கை ரெண்டும் காயல, ஞானஸ்நானப் புத்தகத்துல பேரு எழுதினா மை கரைஞ்சு ஓடுச்சு, பூசைல நாக்குல வைக்கிற அப்பம் அவரு விரல்ல பட்டதும் ஊறி வளைஞ்சுது, ஜனங்க நாக்கை நீட்டாம உள்ளங்கையைக் குழிச்சு வாங்கப் பழகிட்டாங்க. மரியசெல்லத்துக்கு வலது கால் மட்டும் காயல. அதைப் பத்தி அவங்களை யாரும் விசாரிக்கல, அவங்களும் யார்கிட்டயும் சொல்லல.

எங்க ஊரு ஒரு வாரம் பயந்துச்சு, ரெண்டாவது வாரம் பழகிருச்சு. ஜனங்க எதுக்குத்தான் பழக மாட்டாங்க? பதினோரு வீட்டுலயும் வாசல்ல சாக்கு போட்டாங்க, கட்டில் கால்மாட்டுல வாளி வச்சாங்க. பஸ் ஓட்டுற அந்தோணி அண்ணன் பிரேக்குல சணல் சுத்திக்கிட்டாரு. மல்லித் தோட்டம் வச்சிருக்குற இன்னாசி மாமா, கோடைல கெணறு வத்தினப்ப, காலைல எந்திரிச்சு பாத்தி பாத்தியா நடந்தே தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சினாரு, அந்த வருஷம் அவரு பூ மட்டும் முட்டையாட்டம் பூத்துச்சு, "ஆண்டவர் செயல்"னு அவரு சொல்ல, "அப்ப என் வீட்டுப் பாய் மக்கினது யாரு செயலு?"ன்னு அவரு பொண்டாட்டி கேட்டாங்க. சந்தியாகு சாரு மட்டும் ஒத்துக்கவே இல்ல. முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ் வாங்கி மாட்டிக்கிட்டாரு. மணிக்கு ஒரு தடவை அது ரொம்பி வழியும், பூட்ஸ் தடமும் ஈரமாத்தான் விழும். அவரு சம்சாரம் ரோஸ்லின் டீச்சர் மாடிப்படில உக்கார வச்சு பூட்ஸைக் கழட்டிக் கவுப்பாங்க, படி படியாத் தண்ணி எறங்கும், சாரு வேற பக்கம் பாத்துக்கிட்டு பேப்பர் படிப்பாரு.

ஆனா தடம் காஞ்ச இடத்துல ஒண்ணு நடந்துச்சு பாருங்க, அதுக்குத்தான் யாராலயும் பழக முடியல. ஈரம் காஞ்சா அங்க உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாத் தடம் நின்னுச்சு, தேய்ச்சா போகல, சுண்ணாம்பு அடிச்சா அதுக்கு மேல வந்து நின்னுச்சு, தார் ரோட்டுல, சிமெண்டுத் தரைல, மண்ணுல, எல்லா எடத்துலயும். யாரு எங்க போனாங்க, யாரு வீட்டு வாசல்ல எவ்வளவு நேரம் நின்னாங்க, யாரு பூசைக்குன்னு கெளம்பி பாதி வழில பிராந்திக் கடைப் பக்கம் திரும்பினாங்க, அத்தனையும் ஊரு தரைல வரைஞ்சு கெடந்துச்சு.

ஒரு சாயங்காலம் ஸ்பீக்கர் கட்டுறதுக்காக நாங்க பாட்டுக் குழுக்காரங்க கோயில் கோபுரத்துல ஏறினோம். மேல இருந்து பாத்தோம். முழு ஊரும் தெரிஞ்சுச்சு. பதினோரு பேரோட தடமும் தெருத் தெருவா, வீடு வீடா, முன்வாசல் முன்வாசலா கோலம் மாதிரி ஓடுது, ஓடி ஓடி கீழத்தெரு முக்கு வரைக்கும் வந்து, அங்க சுவர்ல முட்டின மாதிரி அத்தனையும் திரும்பிருச்சு. கீழத்தெருவுக்குள்ள ஒரு தடம் கூட இல்ல. அங்க இருந்துதான் மரியசெல்லத்தோட தடம் கெளம்புது, வலது கால் மட்டும், யாரோ நொண்டி ஆடிக்கிட்டே போன மாதிரி, ஒத்தக் கால் தடம், ஒவ்வொரு வீட்டுக்கும், எங்க வீட்டுக்கும், ஒரு வீடு பாக்கி இல்லாம எல்லா வீட்டுக்கும். எல்லாமே பின்வாசல். அத்தனை வீட்டுல ஒரு முன்வாசல்ல கூட அந்தத் தடம் இல்ல.

நாங்க ஒயரைக் கட்டாமலே எறங்கி வந்துட்டோம்.

திருவிழா நெருங்குச்சு. வெளியூர்ல இருந்து சொந்தம் பந்தமெல்லாம் வரும், ஆயர் வருவாரு, ஊரு தரை இப்படிக் கெடந்தா எப்படின்னு கமிட்டிக்கு உதறல். யாருக்குமே காரணம் தெரியாமலா இருந்துச்சு? முதல் நாள்ல இருந்தே எல்லாருக்கும் தெரியும். சாமியாரு, சந்தியாகு சாரு, இன்னும் ரெண்டு பேரு கீழத்தெரு முக்குல வந்து நின்னு, உள்ள போகாம, ஆளு விட்டு மரியசெல்லத்தைக் கூப்பிட்டாங்க. அவங்க வெளக்குமாறோட வந்தாங்க.

"ஏ செல்லம், நாளைக்குக் காலைல சாமியார் பங்களாவுக்கு வந்துரு. சாமி கழுவி விட்ருவாங்க. சோலி முடிஞ்சுது"ன்னாரு சாரு.

"எந்த வாசல் வழியா வரட்டும் சார்?"

"ஏதோ ஒரு வாசல். காலுதான கழுவணும்?"

"அப்ப உங்க காலையும் அங்கயே வச்சுக் கழுவிருக்கலாம்ல சார்? எதுக்கு மைக்செட்டு, எதுக்கு மேடை?"

கூட வந்தவரு ஒருத்தரு, "உனக்குப் புதுச் சேலை எடுத்துத் தர்றோம், கோயில்ல நெரந்தர வேலை போட்டுத் தர்றோம்"னாரு. மரியசெல்லம் சிரிச்சிட்டாங்க. "எனக்குச் சேலை இருக்கு. வேலை, ஊரு மொத்தமும் தந்துட்டு இருக்குது. எனக்குப் பாக்கி ஒண்ணுதான். இடது காலு."

சாமியாரு கைல இருந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருந்துச்சு. "அம்மா, அன்னைக்கு நான்..."ன்னு ஆரம்பிச்சாரு.

"சாமி, அன்னைக்குப் பிரசங்கத்துல நீங்கதான் சொன்னீங்க, யூதாசு காலையும் ஆண்டவரு கழுவினாருன்னு. காட்டிக் குடுக்கப் போறான்னு தெரிஞ்சும் கழுவினாருன்னு. அவன் காலையே பாதில விடல சாமி. நான் யாரைக் காட்டிக் குடுத்தேன்?"

சாமியாரு தலையைக் குனிஞ்சாரு. அவரு காலடியில சின்னதா ஒரு குட்டை தேங்கிருச்சு.

"அதே நாற்காலி. அதே செம்பு. ஊரு முழுக்க நிக்கணும்"னு மரியசெல்லம் விரலை மடக்கினாங்க. "அப்புறம், செருமினவரு செம்பு புடிக்கணும்."

"என் உசுரு போனாலும் நடக்காது!"ன்னு சந்தியாகு சாரு கத்தினாரு.

"நீங்க நடக்க வேண்டாம் சார், வழுக்கிருவீங்க"ன்னு சொல்லிட்டு அவங்க கூட்டப் போயிட்டாங்க.

அன்னைல இருந்து மரியசெல்லம் யாரு வீட்டுப் பின்வாசலுக்கும் போகல. "ரெண்டு காலும் ஒண்ணா வந்தாத்தான் வருவேன்"னுட்டாங்க. கக்கூஸ் அடைச்ச வீடுகள்ல என்ன பாடுன்னு நான் எழுதல, நீங்க சாப்பிட்டுக்கிட்டே படிச்சாலும் படிப்பீங்க.

திருவிழா வந்துச்சு. காலைப் பூசை முடிஞ்சு தேரு கெளம்புச்சு, மாதா மேல உக்காந்து வர்றாங்க, முன்னால முதல் வடம் சந்தியாகு சாரு, பூட்ஸைக் கழட்டிட்டுத்தான் வடம் தொடணும், அது எங்க வழக்கம், அதனால வெறுங்காலோட, வெள்ளை வேட்டில, ஈரம் சொட்டச் சொட்ட இழுக்குறாரு. நாங்க பின்னாடி மைக்ல பாடிக்கிட்டே வர்றோம். தேரு எப்பவும் கீழத்தெரு முக்குல உள்ள போகாம மேலத்தெருவுக்குத் திரும்பும். அந்த முக்குல, அந்தப் பதினோரு பேரோட தடமும் திரும்பின அதே எடத்துல, சாரு திரும்பக் காலை வச்சாரு, வழுக்கினாரு, மடார்னு மல்லாக்க விழுந்தாரு.

யாருக்குமே ஓடிப் போகத் தோணல, அவரு விழுவாருன்னு யாரும் நெனச்சதே இல்லைல்ல. எந்திரிக்கப் பாத்தாரு, வழுக்குச்சு. இன்னொரு தடவை, வழுக்குச்சு. கையை நீட்டினாரு. கை நீட்டின பக்கம் நின்னது மரியசெல்லம், தேருக்கு முன்னாடி பாதையைக் கூட்டிக்கிட்டு வந்தவங்க.

அவங்க வெளக்குமாறைக் கீழ போட்டாங்க. கையைச் சேலைல தொடைச்சாங்க. தொடைச்சிட்டு, ஏதோ ஞாபகம் வந்த மாதிரி, குனிஞ்சு மண்ணைத் தொட்டு மறுபடி அழுக்காக்கிட்டு, அந்தக் கையை நீட்டினாங்க.

சாரு அந்தக் கையைப் பாத்தாரு. ஊரே பாத்துச்சு. முப்பது வருஷமா அவரு வீட்டுப் பின்வாசல்ல வேலை செஞ்ச கை, ஒரு தடவை கூட அவரு தொட்டிராத கை. சாரு தலையைத் திருப்பி என்னைத் தேடினாரு, ரெண்டு விரலைச் சுண்டினாரு, பாட்டைப் போடுன்னு.

நான் மைக்கை ஆஃப் பண்ணினேன்.

டப்புனு ஒரு சத்தம், அப்புறம் ஒரு சத்தமும் இல்ல. சாரு மறுபடி எந்திரிக்கப் பாத்தாரு, வழுக்குச்சு. பிறகு அந்தக் கையைப் பிடிச்சாரு. மரியசெல்லம் ஒரே இழுப்புல தூக்கி நிறுத்தினாங்க, ஆனா கையை விடல. கேட்டாங்க: "செம்பு புடிக்கிறீங்களா சார்?"

அவரு கையை உருவப் பாத்தாரு. சாமியாருதான் மேல் அங்கியைக் கழட்டித் தேர் மேல போட்டுட்டு "நாற்காலி கொண்டு வாங்க"ன்னாரு, அந்த ஊருக்கு வந்ததுல இருந்து அவரு சத்தமாப் பேசி அன்னைக்குத்தான் கேட்டோம். எங்க குழுப் பையன்க ஓடிப் போயி அதே பன்னெண்டாவது நாற்காலியைத் தூக்கிட்டு வந்தானுங்க. ரோஸ்லின் டீச்சர் செம்பைக் கொண்டு வந்து புருஷன் கைல திணிச்சாங்க.

மரியசெல்லம் உக்காந்தாங்க, அதே மாதிரி, முதுகு நிமிந்து. சாமியாரு ரோட்டுல முட்டி போட்டாரு.

"காலை நீட்டு"ன்னாரு சாரு, செம்பைப் பாத்துக்கிட்டே.

கால் நகரல.

தேரு நிக்குது, மாதா நிக்குறாங்க, வெயிலு நிக்குது.

"நீட்டுங்க"ன்னாரு.

கால் வந்துச்சு. பித்த வெடிப்பும், கண்ணாடி கிழிச்ச தழும்பும், நகம் இல்லாத பெருவிரலும், ரெண்டு மாசத்துச் சேறும் இருந்த இடது காலு. அதை மட்டும் அவங்க அன்னைல இருந்து கழுவவே இல்லையாம். சாரு ஊத்தினாரு. "குதிகால்ல நல்லா ஊத்துங்க சார், அங்கதான் உங்க தெரு சாக்கடை இருக்கு"ன்னு மரியசெல்லம் சொல்ல, கூட்டத்துல யாரோ களுக்குனு சிரிக்க, ஊத்தினாரு. சாமியாரு கழுவினாரு, துடைச்சாரு, குனிஞ்சு முத்தம் குடுத்தாரு, முத்தம் குடுத்துட்டு தலையை எடுக்காம அங்கயே கொஞ்ச நேரம் இருந்தாரு.

தலையை எடுத்தப்ப அவரு கை காஞ்சிருந்துச்சு. பதினோரு பேருக்கும் கால் காஞ்சிருச்சு. "ஐயோ என் மல்லி!"ன்னு இன்னாசி மாமா கத்தினாரு.

மரியசெல்லத்துக்கு மட்டும் ரெண்டு காலும் ஈரம். அவங்க யாருக்கும் நன்றி சொல்லல, அழல, எந்திரிச்சாங்க, பின்வாசல் சந்துப் பக்கம் போகாம ஊரு நடு ரோட்டுல, முன்வாசல் முன்வாசலா, கோயில் வரைக்கும் போயி திரும்பி வந்தாங்க. ரெண்டு கால் தடம். கால் காயுற வரைக்கும் நடந்தாங்க. தேரு அவங்க பின்னாடியே போச்சு, அவங்க பின்னாடியே வந்து, கீழத்தெருவுக்குள்ளயும் போச்சு. யாரும் திருப்பல.

சந்தியாகு சாரு திருந்திட்டாருன்னு நெனைக்காதீங்க. இப்பவும் அதே கெத்துதான். ஆனா தொண்டை அரிச்சா கோயிலுக்கு வெளிய போயி செருமிட்டு வர்றாரு. அடுத்த பெரிய வியாழனுக்கு எங்க ஊர்ல ஒருத்தரும் காலைக் கழுவிட்டு வரல, வேணும்னே வயல் வழியா சுத்தி சேறு மிதிச்சு வந்தாங்க, பன்னெண்டு நாற்காலிக்கு முந்நூறு பேரு எந்திரிச்சு நின்னாங்க, சாமியாரு பாவம் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் கழுவினாரு.

தடம் மட்டும் போகல. கமிட்டி மூணு தடவை பெயிண்ட் அடிச்சுப் பாத்துச்சு. மழை வந்துச்சு, வெயில் வந்துச்சு, அது அங்கயேதான் இருக்கு, ஒத்தக் காலு பின்னாடி, ரெண்டு காலு முன்னாடி. போகவும் வேண்டாம்.

சரி, நான் எங்க ஊரைச் சொல்லிட்டேன். கொஞ்சம் எந்திரிச்சுப் போயி உங்க வீட்டுப் பின்வாசலைப் பாருங்களேன். அங்க வெள்ளையா ஒரு ஒத்தக் கால் தடம் இருக்கா? யாரோடதுன்னு தெரியுதா? அவங்க கேட்டப்ப, நீங்களும் பாட்டை ஆரம்பிச்சீங்களா?